பொடி: உண்டு, இல்லை

ஜூன் 10, திங்கள்

இன்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். கோவில்பட்டிக்கு வெளியே, சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு தீப்பெட்டி ஆலைகள். இரண்டிலும் பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களில் முப்பது முப்பது பேரை எடுத்திருக்கிறேன். சீட்டில் வந்த ஆலைக்கு வாரம் ஒரு வகுப்பு, நான்கு வாரம். படம், பொம்மைத் தாடை, பேச்சு, கேள்வி பதில் எல்லாம் உண்டு. எதிர் ஆலைக்கு ஒரு துண்டுத்தாள், அவ்வளவுதான். செப்டம்பரில் இரண்டு பக்கத்துப் பற்களையும் ஒப்பிட்டு, கூட்டமாக உட்கார வைத்துப் பல் நலம் சொல்லிக் கொடுப்பதில் பலன் உண்டா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். பல் மருத்துவத்தில் முதுகலை முடிக்க இந்த ஒரு ஆய்வுதான் பாக்கி.

கிளம்பும்போது என் வழிகாட்டி கிளாடிஸ் மேடம் சொன்னது: "ஹம்சவேணி, முப்பதுல ஆறு பேருக்கு மேல கழண்டா உன் ஆய்வு செல்லாது. பாடம் எடுக்கிறது ரெண்டாவது. ஆளப் பிடிச்சு வைக்கிறதுதான் முதல் வேலை."

நான் சேலத்துக்காரி. பிடித்தால் விடமாட்டேன்.

இரவுக்குத் தயிர்சாதம். மெல்ல வேண்டாத சாப்பாடு வெயிலுக்கு நல்லது.

ஜூன் 12, புதன்

முதல் பரிசோதனை. ரோஸ் நிற மாத்திரையை மென்று கொப்பளிக்கச் சொன்னேன். பல்லில் அழுக்கு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் சாயம் பிடிக்கும். ஆறு பற்களை மட்டும் பார்த்து, சாயம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடுவது முறை. பெண்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துச் சிரித்ததில் மேஸ்திரி வேலுத்தாய் வந்து அதட்ட வேண்டியதாகிவிட்டது. அப்புறம் அவரும் ஒரு மாத்திரை கேட்டார்.

எல்லாரையும்விடச் சிரிக்க வைத்தவர் குருவம்மாள். நாற்பத்தாறு வயது. பேசும்போதும் கை குச்சி அடைப்பதை நிறுத்துவதில்லை. "டாக்டரம்மா, என் வாயி ரத்தக் காட்டேரி மாதிரில்லா இருக்கு. இப்படியே வீட்டுக்குப் போனா எங்க வீட்டுக்காரரு ஒரு வாரத்துக்கு எதுத்துப் பேசமாட்டாரு."

பிறகு கேள்வித்தாள். எழுதப் படிக்க எல்லாருக்கும் வராது என்பதால் நானே வாசித்துக் குறித்தேன். ஏழாவது கேள்வி பல் தேய்ப்பது பற்றியது. தாளை மிச்சம் பிடிக்கச் சுருக்கி ஒரு கட்டமாகப் போட்டிருந்தேன்: பேஸ்ட், பொடி, கரி, வேப்பங்குச்சி. ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை. "பொடி போடுவீங்களா?" என்று குருவம்மாளைக் கேட்டேன். அதுவரை ஓயாமல் சிரித்த முகம் சட்டென்று மாறியது. "பொடியா? சேச்சே. நான் தொடுறதே கெடையாது."

அவருடைய வலது ஆள்காட்டி விரல் நகத்தடியில் செங்கல் நிறம். பல்பொடி தேய்க்கிற விரல் அப்படித்தான் இருக்கும். இதற்குப் போய் எதற்குப் பொய்?

ஜூன் 13, வியாழன்

பொடி: முப்பதுக்கு முப்பதும் "இல்லை". பதினோரு பேர் நான்கு கட்டத்திலும் "இல்லை". அப்படியென்றால் அவர்கள் எதைக் கொண்டும் பல் தேய்ப்பதில்லை. ஆனால் பல் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.

கிராம்புத் தைலம் வாங்கினேன். வகுப்பில் காட்டுவதற்கு.

ஜூன் 19, புதன்

முதல் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். குருவம்மாள் முதல் வரிசை. எந்தக் கேள்வி கேட்டாலும் கை தூக்குகிறார். பக்கத்தில் பேச்சியம்மாள். பேச்சியம்மாள் மகனுக்குக் குருவம்மாள் மகளைப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் கைநனைத்து உறுதி செய்யவில்லை என்று வேலுத்தாய் காதோடு சொன்னார். அதனால் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஏகப்பட்ட மரியாதை. "மதினி, நீங்க உக்காருங்க." "இல்ல மதினி, நீங்க மொதல்ல." இதிலேயே ஐந்து நிமிடம் போய்விட்டது.

ஆலை வாசல் பெட்டிக்கடையில் சிவப்புப் பல்பொடிப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. இந்த ஊரில் யாருமே பொடி போடுவதில்லை என்றால் இவற்றை யாருக்கு விற்கிறார்கள்? கடைக்காரரைக் கேட்டேன். "நல்லா ஓடுதும்மா" என்றார்.

மேஸ்திரி முறுக்கு கொடுத்தார். வலப் பக்கமாக மென்றேன்.

ஜூன் 26, புதன்

இன்று ஒரு போடு போட்டேன். பல் தேய்மானப் படத்தைக் காட்டிவிட்டு நேராகவே கேட்டேன்: "பொடி போடறதை ஏன் என்கிட்ட மறைக்கறீங்க? நீங்க சொல்லலேன்னாலும் வாயைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும். அடுத்த வாரம் ஒவ்வொருத்தரா வாயைத் திறந்து பார்த்து, யார் யாருன்னு நானே சொல்றேன் பாருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னேன். குருவம்மாள்கூடக் கை தூக்கவில்லை. சொல்லுகிற விதத்தில் சொன்னால் மனதில் தைக்கிறது.

ஜூலை 3, புதன்

ஏழு பேர் வரவில்லை.

குருவம்மாள், மாரிக்கனி, சீனியம்மாள், பேச்சியம்மாள், கருப்பாயி, முத்துலட்சுமிகள் இரண்டு பேர். வேலைக்கு வந்திருக்கிறார்கள். வகுப்புக்கு மட்டும் இல்லை. குருவம்மாளுக்குத் தலைவலி என்றார்கள். ஆறு பேர் என்றால் தப்பித்திருப்பேன்.

ஜூலை 4, வியாழன்

காரணம் தேடிப் பட்டியல் போட்டேன். ஒரே தெருவா? இல்லை, நான்கு ஊர். ஒரே வயதா? முப்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தைந்து வரை. கோயில் கொடையா? அது ஆடியில்தான். பாடம் புரியாதவர்களா? முதல் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து வைத்த சின்னத் தேர்வில் குருவம்மாள்தான் முதல், இருபதுக்குப் பதினெட்டு. இந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தவர், அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாத கருப்பாயி, இருவரும் ஒரே நாளில் ஏன் காணாமல் போக வேண்டும்?

எரிச்சலாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு இது சுவாரசியமாக இருக்கிறது. மேடத்திடம் சொன்னால் திட்டுவார்.

ஜூலை 5, வெள்ளி

வேலுத்தாயைக் கேட்டேன். "நீங்க அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தாயி" என்றார். எப்படிச் சொல்லியிருக்கக் கூடாது? அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குருவம்மாள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.

தைலம் பாதி தீர்ந்துவிட்டது. பாட்டில் ஒழுகுகிறது போல.

ஜூலை 7, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது.

ஏழு மணிக்குப் போனேன். குருவம்மாள் தெருக்குழாயடியில் குந்தி உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் சிவப்புப் பொடி. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் கேட்டேன்.

"என்னக்கா, பொடி தொடறதே இல்லைன்னு சொன்னீங்க?"

கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுவா? இது பல்பொடில்லா."

"இதைத்தான் நானும் கேட்டேன்."

"நீங்க பல்பொடின்னு கேக்கலயே. பொடி போடுவீங்களான்னுல்லா கேட்டீக."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவர் எழுந்து தெருவின் இரு பக்கமும் பார்த்தார். என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். தவிட்டு நிறத் தூள். காரம் மூக்கில் ஏறித் தும்மிவிட்டேன்.

"இதுதான் தாயி பொடி."

மூக்குப்பொடி. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அதை ஆண்கள்தான் மூக்கில் இழுப்பார்கள். இங்கே பெண்கள் ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பொடி போடுவது. முப்பது பெண்களை மற்றவர்கள் காது கேட்க நிறுத்தி, புகையிலைத் தூள் போடுவாயா என்று கேட்டிருக்கிறேன். அது போதாதென்று, அடுத்த வாரம் வாயைத் திறந்து யார் யாரென்று கண்டுபிடித்துச் சொல்வதாகச் சவாலும் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எப்போது பழகியது என்று கேட்டேன். எட்டு வருடம் முன்னால் கடைவாய்ப் பல் வலிக்காக. வலி போன பிறகும் இது போகவில்லை. "வெத்தல போட்டா துப்புறதுக்கு எந்திரிக்கணும். இது சத்தமில்லாம கெடக்கும். கை நிக்காது. பசியும் தெரியாது."

"எந்தப் பக்கம் வைப்பீங்க?"

கீழ்த்தாடையில் வலது பக்கம். கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தேன். சுருங்கிப்போன வெள்ளைத் திட்டு, என் கட்டை விரல் நகம் அளவு. துணியால் துடைத்தேன், போகவில்லை. ஜூன் 12 அன்று இதே வாயை டார்ச் அடித்துப் பார்த்தேனே, எப்படித் தவறியது? விதிப்படி பார்த்ததால் தவறியது. கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு நாக்குப் பக்கம் மட்டும் மதிப்பெண் போட வேண்டும். நான் கன்னத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்திருக்கிறேன்.

இது என்ன ஆகும் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். இப்படியே இருக்கலாம், சிலருக்குப் புற்றாகலாம், சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும், எங்கள் பல் மருத்துவக் கல்லூரிக்கு வர வேண்டும். தலையை ஆட்டிவிட்டார்.

"மாட்டேன். பேச்சியம்மா மதினிக்குத் தெரிஞ்சா எம்மக காரியம் நின்னுபோகும். பொடி போடுறவ வீட்டுப் பொண்ணுன்னு பேராகிரும். நெசமாவே அவுக ரொம்பச் சுத்தம்."

எவ்வளவோ பேசினேன். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் திடீரென்று கேட்டார்: "உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"எது?"

"பல்லு. பக்கத்துல வந்தாலே கிராம்பு வாசம். முறுக்கு ஒரு பக்கமாத்தான் திங்கீக. வந்த அன்னைக்கே பாத்தேன்."

அது பாடத்துக்காக வாங்கியது என்றேன்.

"நீங்க மொதல்ல உங்க வாயக் காட்டுங்க. அப்புறம் நான் வாறேன்."

அறைக்கு வந்து வராதவர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான்காவது பெயர் பேச்சியம்மாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாது.

ஜூலை 8, திங்கள்

மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆய்வு போனா வேற ஆய்வு பண்ணிக்கலாம். அந்த அம்மாவ அடுத்த திங்களுக்குள்ள கொண்டு வந்து சேரு. அந்த ஏழு பேரை மட்டும் கூப்பிட்டா ஊருக்கே தெரிஞ்சிரும். ரெண்டு ஆலையிலயும் அறுபது பேரையும் பாரு. சொத்தை, ஈறு வீக்கம் எது இருந்தாலும் காலேஜுக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் குடு. கூட்டத்தோட கூட்டமா அவங்களும் வரட்டும்."

பிறகு, "உனக்கு எத்தன நாளா வலி?" என்றார். நான் அதைச் சொல்லவேயில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணித்தான் பேசுகிறேன் போலிருக்கிறது.

ஏப்ரலிலிருந்து. எழுதிவிட்டேன், போதுமா? இடது கீழ்க் கடைவாய்ப் பல். பல் டாக்டருக்குப் பல் டாக்டர் நாற்காலி என்றால் பயம்.

ஜூலை 10, புதன்

நான்காவது வகுப்பு. வேலுத்தாயிடம், வகுப்பில் பாடம் கிடையாது, இன்று பரீட்சை டாக்டருக்கு என்று முன்கூட்டியே பரப்பச் சொல்லியிருந்தேன்.

முதலில் மன்னிப்புக் கேட்டேன். "எங்க ஊர்ல பல்பொடியைத்தான் பொடின்னு சொல்வோம். இங்க அதுக்கு வேற அர்த்தம்னு எனக்குத் தெரியாம போச்சு. நான் கேட்டது பல்பொடி. யார் வாயையும் பார்த்து யார் பேரையும் சொல்லமாட்டேன்." பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, கூடமே சிரித்தது.

அப்புறம் ரோஸ் மாத்திரையை எல்லார் முன்னாலும் நான் மென்றேன். கொப்பளித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். டார்ச் வேலுத்தாய் கையில். வரிசையாக வந்து பார்த்தார்கள்.

வலப் பக்கம் சுத்தம். இடப் பக்கம் கடைசிவரை ஒரே சிவப்பு. வலிக்கிற பக்கம் பிரஷ் போய் எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

"இதுக்கு எம்புட்டு?" என்று வேலுத்தாய் கேட்டார். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேனே, மூன்று. மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். கேள்வி இருபதையும் எழுதியவள் நான். எல்லாவற்றுக்கும் விடை தெரியும்.

கூட்டத்துக்குப் பின்னால் கதவோரம் குருவம்மாள் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. கிட்டே வந்து டார்ச்சை வாங்கி என் வாய்க்குள் வெகு நேரம் பார்த்தார். "கன்னத்துப் பக்கமும் பாக்கணும்லா" என்று சொல்லி விரலால் விலக்கியும் பார்த்தார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

மாலைக்குள் முப்பது பேரையும் பார்த்து முடித்தேன். ஏழு பேரும் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்குச் சீட்டு எழுதினேன், எல்லாச் சீட்டிலும் "வாய் பரிசோதனை" என்று ஒரே வாசகம்.

ஜூலை 11, வியாழன்

எதிர் ஆலையையும் பார்த்து முடித்தேன். அங்கே ஒன்பது சீட்டு.

ஜூலை 15, திங்கள்

கல்லூரி வேனில் இருபத்தோரு பேர். குருவம்மாளைக் கடைசி இருக்கையிலும் பேச்சியம்மாளை முன்னாலும் உட்கார வைத்தேன். பேச்சியம்மாளுக்கு இடது கன்னத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு. சீட்டைக் கொடுத்தபோது அவர் என் காதில் சொன்னது: "குருவம்மா மதினிக்குத் தெரியக் கூடாது தாயி. நல்ல குடும்பம்."

எனக்கு முதலில் வேர்ச் சிகிச்சை. மேடமே உட்கார்ந்து செய்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஊசி அப்படி ஒன்றும் வலிக்கவில்லை, மூன்று மாதப் பயம்தான் வலித்தது.

மரத்த வாயோடு வெளியே வந்தால், துணுக்கு எடுக்கும் அறை வாசலில் ஒரே பெஞ்சு. ஒரு முனையில் குருவம்மாள், மறு முனையில் பேச்சியம்மாள். நர்ஸ் அடுத்தடுத்துக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பேசவும் வாய் வரவில்லை.

பேச்சியம்மாள்தான் முதலில் தலையைத் தூக்கினார். "எம்புட்டு வருசமா மதினி?"

"எட்டு. நீங்க?"

"எங்கல்யாணத்துக்கு முந்தி."

பிறகு பேச்சியம்மாள் பெஞ்சின் நடுவுக்கு நகர்ந்து வந்தார்.

"எந்தக் கடையில வாங்குதீக?"

ஜூலை 24, புதன்

குருவம்மாளின் முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. ஆனால் அணுக்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. பொடியை நிறுத்த வேண்டும், மாதம் ஒருமுறை காட்ட வேண்டும். பேச்சியம்மாளுக்கு வெறும் தடிப்பு. போனில் சொன்னபோது குருவம்மாள் அழுதார். இதுவரை அவர் அழுது நான் கேட்டதில்லை. நானும் அழுதேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

குருவம்மாள் போன். "நாலு நாளு போடல. நேத்து ஒரு தடவ போட்டுட்டேன். எழுதிக்கிடுங்க." அதற்கு என் படிவத்தில் இடமில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 18, புதன்

கடைசிப் பரிசோதனை. முப்பது பேரும் வந்தார்கள். கேள்வித்தாள் மதிப்பெண் இருபதுக்கு ஒன்பதிலிருந்து பதினேழு. பல்லில் சாயம் 2.1 இலிருந்து 1.7. துண்டுத்தாள் ஆலையில் 2.0 இலிருந்து 1.8. மூளைக்கு ஏறியதில் கால்வாசிகூடப் பல்லுக்கு இறங்கவில்லை. ஏழாவது கேள்வியில் நான் செய்த தவறைத் தனி அத்தியாயமாக எழுதச் சொல்லிவிட்டார் மேடம். ஒளிக்காமல் எழுதப் போகிறேன்.

ஏழாவது கேள்வியை மாற்றி அச்சிட்டிருந்தேன். பல்பொடிக்கு ஒரு கட்டம், பொடிக்கு ஒரு கட்டம். இந்த முறை தனி அறையில், ஒவ்வொருவராக.

"பொடி போடுவீங்களா, அக்கா?"

குருவம்மாள் யோசித்தார். "இன்னைக்கு இல்ல."

உண்டு, இல்லை என்று இரண்டுதான் இருந்தது. ஓரத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

அடுத்து பேச்சியம்மாள். உட்கார்ந்ததும், "மதினி என்ன சொன்னாக?" என்றார். சொல்லக் கூடாது என்றேன். "அப்ப எனக்கும் அதையே போட்டுக்கிடுங்க."

அது பதில் ஆகாது என்று சொல்லிக் கேள்வியை மறுபடி கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இடது கன்னத்தைத் தன் விரலாலேயே விலக்கிப் பிடித்துக்கொண்டு, டார்ச்சை எடுக்கும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார்.